வில்ஷ்டெட்டர் வேலையை விட்டது சரிதானா?

பச்சிலை எழுதியது:

ஜெர்மன் வேதியியலாளர்கள் என்று பேச்சு வந்தால் ஃபிரிட்ஸ் ஹாபரில் தொடங்கி ஹாபரிலேயே முடிந்துவிடுகிறது. ஹாபரின் நெருங்கிய நண்பர் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. ரிச்சர்ட் வில்ஷ்டெட்டர். பச்சையத்துக்குள் மக்னீசியம் இருக்கிறது என்று பள்ளிக்கூடத்தில் ஒரே வரியில் படித்துவிட்டுப் போகிறோமே, அந்த வரிக்குப் பின்னால் இருப்பவர் இவர்தான். 1915ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் இவருக்குக் கிடைத்தது.

1872 ஆகஸ்ட் 13 அன்று கார்ல்ஸ்ரூஹ நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா துணி வியாபாரி. பிழைப்புத் தேடி நியூயார்க் போனவர், கொஞ்ச காலத்தில் திரும்பிவிடுவார் என்றுதான் வீட்டில் நினைத்தார்கள். பதினேழு வருடம் ஆகிவிட்டது. அம்மா பிள்ளைகளோடு தன் பிறந்த ஊரான நூர்ன்பெர்க் பக்கம் போய், அங்கேதான் வளர்த்தார்.

18 வயதில் மியூனிக் பல்கலைக்கழகம். அங்கே வேதியியலின் தலைவர், செயற்கை நீலச்சாயத்துக்குப் பெயர் போன ஆடோல்ஃப் ஃபான் பேயர். முனைவர் பட்டத்துக்கு ஆல்ஃபிரட் ஐன்ஹார்னிடம் சேர்ந்து கொக்கேனின் கட்டமைப்பில் வேலை செய்தார். 1894இல் பட்டம் வாங்கியதும், கொக்கேன் என்னுடைய களம், இனி அதில் கை வைக்காதே என்று ஐன்ஹார்ன் சொல்லிவிட்டார். சரி என்று இவர் கொக்கேனுக்கு நெருங்கிய உறவுப் பொருளான ட்ரோபினை எடுத்துக்கொண்டார். அதன் கட்டமைப்பை அவிழ்த்தபோது கொக்கேனின் கட்டமைப்பும் சேர்ந்தே அவிழ்ந்தது. ஆசிரியர் நம்பிக்கொண்டிருந்த வடிவம் தவறு என்றும் தெரிந்துபோனது.

பேயர் இவரை மனதார விரும்பினார். ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டால் பேராசிரியர் பதவிக்கு வழி சுலபமாகும் என்று ஆலோசனையும் சொன்னார். வில்ஷ்டெட்டர் மறுத்துவிட்டார். லாபத்துக்காக மதம் மாறுவது அவருக்கு ஒப்பவில்லை.

1905இல் சூரிச், 1912இல் பெர்லின் டாலெமில் கைசர் வில்ஹெல்ம் கழகத்தின் வேதியியல் நிறுவனம், 1916இல் மறுபடி மியூனிக், இந்த முறை பேயரின் நாற்காலியிலேயே. பவேரியாவின் அரசர் நியமனத்தில் கையெழுத்துப் போடும்போது, யூதர் ஒருவருக்காக நான் போடும் கடைசிக் கையெழுத்து இது என்கிற மாதிரி சொன்னாராம். வில்ஷ்டெட்டரே தன் வாழ்க்கை வரலாற்றில் இதை எழுதியிருக்கிறார்.

நான் கேட்க வந்தது 1924 பற்றி. கனிமவியல் பேராசிரியர் க்ரோத் ஓய்வு பெறுகிறார். அந்த இடத்துக்கு அவரே முதலில் சொன்ன பெயர் விக்டர் கோல்ட்ஷ்மிட். நார்வேயில் இருந்தவர், புவிவேதியியலுக்கு அடித்தளம் போட்டவர்களில் ஒருவர். அவரைவிடத் தகுதியானவர் கிடைப்பது கடினம். ஆனால் அவர் யூதர். துறைப் பேராசிரியர்கள் கூட்டம் போட்டு அவரை ஒதுக்கினார்கள். ஹிட்லரின் கலகம் மியூனிக்கில் நடந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. யூதப் பேராசிரியர்களுக்கு எதிராகச் சுவரொட்டிகள் ஒட்டப்பட்டிருந்த காலம். அந்தக் கூட்டம் முடிந்த கையோடு வில்ஷ்டெட்டர் ராஜினாமாக் கடிதம் எழுதினார். வயது 51. மாணவர்களும் சக ஆசிரியர்களும் எவ்வளவோ கெஞ்சியும் மனம் மாறவில்லை. வெளியிலிருந்து வந்த அழைப்புகளையும் ஏற்கவில்லை. அதற்குப் பிறகு சொந்தமாக ஓர் ஆய்வகம் அவருக்கு அமையவே இல்லை.

என் மனதில் அவர் செய்ததிலேயே பெரிய காரியம் இதுதான். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வாத்தியார் எழுதியது:

நல்ல இழை. நான் முப்பத்திரண்டு வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன். மரியாதையோடு மாறுபடுகிறேன்.

ஒரு பெரிய ஆய்வகத்தின் தலைவர் வெளியேறினால் இழப்பு யாருக்கு? அவரை விரட்ட நினைத்தவர்களுக்கு அல்ல, அவர்கள் விரும்பியதுதானே நடந்தது. இழப்பு மாணவர்களுக்கு. கோல்ட்ஷ்மிட்டுக்கும் அதனால் வேலை கிடைத்துவிடவில்லை. அடுத்த கூட்டத்தில் அடுத்த கோல்ட்ஷ்மிட்டுக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒரே குரலும் போய்விட்டது. கோபம் நியாயமானது. அதற்காக நாற்காலியைக் காலி செய்துகொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

நிறமி எழுதியது:

இரண்டு பேரும் 1924க்கு ஓடிவிட்டீர்கள். அவர் ஆய்வகத்துக்குள் கொஞ்சம் போய்விட்டு வரலாம், ஏனென்றால் அவர் எதை விட்டுவிட்டுப் போனார் என்பது அங்கேதான் தெரியும். தாவர நிறமிகளில் முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கிறேன். என் துறையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இவர் நிற்பார்.

சூரிச்சில் இவர் தொடங்கியபோது பச்சையம் ஒன்றா, பலவா என்றே தெளிவு இல்லை. ஒவ்வொரு செடிக்கும் ஒவ்வொரு பச்சையம் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். மக்னீசியத்தை வெறும் அழுக்கு என்று சிலர் ஒதுக்கினார்கள். காய்ந்த இலையை மூட்டை மூட்டையாக வாங்கிக் கரைப்பானில் ஊறவைத்துப் பிரித்தார்கள். பெரும்பாலும் தொட்டால் அரிக்கும், நம் செந்தட்டி மாதிரியான ஒரு செடியின் இலை. மாணவர் ஆர்தர் ஸ்டோலோடு சேர்ந்து இருநூறுக்கும் மேற்பட்ட தாவரங்களைப் பார்த்தார். எல்லாவற்றிலும் அதே பச்சையம். அது இரண்டு வகை, நீலப்பச்சையாக ஒன்று, மஞ்சள்பச்சையாக ஒன்று, ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற அளவில். இன்றைக்கு நாம் ஏ, பி என்கிறோமே, அவைதான். மக்னீசியம் அழுக்கு அல்ல, மூலக்கூறிலேயே கட்டுண்டு கிடக்கிறது என்று காட்டினார். ரத்தத்தில் இரும்பு இருக்கும் இடத்தில் இலையில் மக்னீசியம்.

இலையில் பச்சைக்குக் கீழே மஞ்சளும் இருக்கிறது. கரோட்டினில் 40 கார்பன், 56 ஹைட்ரஜன் என்று 1907இல் சொன்னதும் இவர் குழுதான். முட்டை மஞ்சள் கருவின் நிறத்தைப் பிரித்தெடுக்க 6000 முட்டைகள் உடைத்தார்கள். இப்போது ஒரு கருவியில் சில துளி விட்டால் மாலைக்குள் முடிவு வந்துவிடுகிறது. அவர்கள் எதையும் கிலோக் கணக்கில்தான் தொடங்க முடிந்தது.

1912க்குப் பிறகு பூக்கள். சிவப்பு ரோஜாவுக்கும் ஐரோப்பிய வயல்களில் களையாக முளைக்கும் நீலநிறக் கார்ன்ஃபிளவருக்கும் ஒரே நிறமி என்று கண்டுபிடித்தார். எனக்கு இன்னும் சிலிர்க்கும் முடிவு இது.

கரிசல் எழுதியது:

நிறமி அக்கா, ஒரு சந்தேகம். எங்களுக்கு விருதுநகர் பக்கம் பருத்தி. மக்னீசியம் குறைந்தால் அடி இலைகள் சிவந்துவிடும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். மக்னீசியம் சல்பேட் வாங்கித் தெளிப்போம். மக்னீசியம் இல்லாவிட்டால் பச்சை போவது புரிகிறது. மற்றப் பயிரில் இலை வெறுமனே வெளுக்கிறது, பருத்தியில் மட்டும் ஏன் சிவப்பு வருகிறது?

நிறமி எழுதியது:

கரிசல் தம்பி, அருமையான கேள்வி. அந்தச் சிவப்பு ஆந்தோசயனின். ரோஜாவில் இருக்கும் அதே குடும்பம். இலையில் பச்சையம் குறையும்போது பருத்தி அந்த நிறமியைச் சேர்த்துக்கொள்கிறது. வில்ஷ்டெட்டர் வாழ்நாளில் செய்த இரண்டு பெரிய வேலைகளும் உங்கள் ஒரே இலையில் இருக்கின்றன, போகிற பச்சையில் ஒன்று, வருகிற சிவப்பில் ஒன்று.

ஒரே நிறமி ரோஜாவில் சிவப்பாகவும் கார்ன்ஃபிளவரில் நீலமாகவும் இருப்பது எப்படி என்பதற்கு அவர் சொன்ன காரணம் அமிலமும் காரமும். சங்குப்பூத் தண்ணீரில் எலுமிச்சை பிழிந்தால் நிறம் மாறுகிறதே, அந்த மாதிரி. ஆனால் கார்ன்ஃபிளவர் விஷயத்தில் அது தவறாகப் போனது. அந்தப் பூவின் சாறு காரமாக இல்லை. இரும்பும் மக்னீசியமும் நிறமியோடு பிணைந்து ஒரு பெரிய கூட்டாக நிற்பதால்தான் நீலம் என்று பின்னால் தெரிந்தது. அங்கேயும் மக்னீசியம் வந்து நின்றதைப் பாருங்கள்.

நெய்தல் எழுதியது:

இந்த ஆளின் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் சொல்லவில்லையே. 1903இல் சோஃபி லேசரைத் திருமணம் செய்தார். 1908இல் மனைவி இறந்துவிட்டார். சூரிச்சில் பச்சையம் வேலை உச்சத்தில் இருந்த வருடங்கள் அவை. கையில் ஒரு மகனும் ஒரு மகளும். மகன் லூட்விக் 1915இல் சர்க்கரை நோயில் போய்விட்டான். நோபல் அறிவித்த அதே வருடம்.

இன்சுலின் ஒரு மனிதனுக்கு முதன்முதலில் போடப்பட்டது 1922 ஜனவரியில். என் மகளுக்கு ஒன்பது வயதில் இந்த நோய் கண்டுபிடித்தார்கள், இப்போது கல்லூரி போகிறாள். தினமும் ஊசி போடும்போது அந்த ஏழு வருட இடைவெளியை நினைத்துக்கொள்வேன். அந்தப் பையன் பெயர் தெரிந்ததிலிருந்து இன்னும் அதிகமாக.

இரவு வாசகன் எழுதியது:

முகமூடியை விட்டுவிட்டீர்கள். 1915இல் ஹாபர் வாயு ஆயுதத்தில் இறங்கியபோது நண்பரையும் கூப்பிட்டார். தாக்கும் பக்கத்துக்கு வில்ஷ்டெட்டர் போகவில்லை. காப்பாற்றும் பக்கத்தை எடுத்தார், அதாவது முகமூடிக்கான வடிகட்டி. மூன்று அடுக்கு. அதில் ஓர் அடுக்கில் யூரோட்ரோபின் என்ற வேதிப்பொருள், பாஸ்ஜீன் என்ற நச்சுவாயுவைப் பிடித்துவைப்பதற்கு. இன்னொன்றில் கரி. சில வாரங்களில் வேலையை முடித்துக்கொடுத்தார். 1917க்குள் மூன்று கோடி வடிகட்டிகள் செய்யப்பட்டன என்பது அவர் கணக்கு. இரும்புச் சிலுவைப் பதக்கம் கொடுத்தார்கள்.

இதை நான் முழுமனதோடு பாராட்ட முடியவில்லை. தன் பக்கத்துச் சிப்பாய்க்கு நல்ல முகமூடி இருந்தால் அவன் பக்கம் இன்னும் துணிந்து வாயு விடும். கேடயமும் போரின் ஒரு பகுதிதான். அதே சமயம் அந்த மூன்று கோடிக்குப் பின்னால் மூச்சுவிட்ட மனிதர்கள் இருக்கிறார்கள், அவர்களை என்னவென்று சொல்வது?

பச்சிலை எழுதியது:

இரவு வாசகன், உங்கள் தயக்கம் எனக்கும் உண்டு. ஆனால் அந்த வருடத்தை நெய்தல் சொன்னதோடு சேர்த்துப் பார்க்கிறேன். மகனை இழந்த வருடத்தில் ஒரு மனிதன், மூச்சுத் திணறுகிறவனுக்கு வடிகட்டி செய்ய உட்கார்கிறான். நண்பர் கேட்டும் தாக்கும் பக்கத்துக்கு வரமாட்டேன் என்று சொல்ல, அன்றைய ஜெர்மனியில் நிறையத் துணிவு வேண்டியிருந்தது.

வாத்தியார் ஐயாவுக்கு: ஒரே குரலும் போய்விட்டது என்றீர்கள். அந்தக் குரல் கூட்டத்தில் ஒலித்தது, யாரும் கேட்கவில்லை. அதற்குப் பிறகும் அங்கே உட்கார்ந்திருந்தால், எங்களோடும் ஒரு யூதர் இருக்கிறார் பாருங்கள், நாங்கள் பாகுபாடு காட்டுவதில்லை என்று சொல்ல அவரையே அவர்கள் பயன்படுத்தியிருப்பார்கள். அவர் எழுந்து போனதால்தான் கோல்ட்ஷ்மிட் விவகாரம் நூறு வருடம் கழித்தும் பேசப்படுகிறது.

வாத்தியார் எழுதியது:

இதைச் சொல்லலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.

பல வருடங்களுக்கு முன் ஒரு தேர்வுக் குழுவில் நான் உறுப்பினர். வந்தவர்களில் மிகச் சிறந்தவர் ஒரு பெண். அவர் எந்தச் சாதி என்பது அறையில் இருந்த எல்லாருக்கும் தெரியும், வாய் திறந்து யாரும் சொல்லவில்லை. நேர்காணலில் சரியாகப் பேசவில்லை என்று எழுதி ஒதுக்கினார்கள். அவர் மிக நன்றாகப் பேசினார், நான் கேட்டேன். மறுத்துப் பேசினேன், எடுபடவில்லை. அன்று இரவு ராஜினாமாக் கடிதம் எழுதி வைத்தேன். கொடுக்கவில்லை. அடுத்த முறை இடம் காலியானபோது நானே அவரைத் தேடிப் போய் விண்ணப்பிக்கச் சொன்னேன். குழுவில் பாதிப்பேரை முன்கூட்டியே ஒவ்வொருவராகப் பார்த்துப் பேசினேன். அவருக்கு வேலை கிடைத்தது. அவர் மாணவர்கள் இன்று பேராசிரியர்களாக இருக்கிறார்கள்.

நான் அன்று போயிருந்தால் இது நடந்திருக்காது. நாற்காலியில் இருந்ததால்தான் முடிந்தது. அதனால்தான் வில்ஷ்டெட்டர் மேல் எனக்கு மரியாதையும் இருக்கிறது, வருத்தமும் இருக்கிறது.

நெய்தல் எழுதியது:

ஐயா, இதை எழுதியதற்கு நன்றி. ஒன்று மட்டும் சொல்கிறேன், தவறாக எடுக்க வேண்டாம். அந்த அறையில் ஒதுக்கப்பட்டது நீங்கள் இல்லை. அதனால் உங்களால் காத்திருக்க முடிந்தது. வில்ஷ்டெட்டர் இருந்த அறையில் கோல்ட்ஷ்மிட்டை ஒதுக்கச் சொன்ன அதே காரணம் அவர் மேலேயும் எழுதியிருந்தது. தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று தெரிந்தும் அந்த மேசையில் உட்கார்ந்திருப்பது வேறு.

வாத்தியார் எழுதியது:

உண்மைதான் அம்மா. அந்தப் பெண்ணிடம் இதை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்கிறேன்.

நிறமி எழுதியது:

அவர் போனதால் அறிவியலுக்கு என்ன ஆனது என்பதற்கு ஒரு பதில் இருக்கிறது.

ஆய்வை அவர் நிறுத்திவிடவில்லை. மார்கரேட்டே ரோடேவால்ட் என்ற உதவியாளர் பல்கலைக்கழகத்தில் ஆய்வைத் தொடர்ந்தார். வில்ஷ்டெட்டர் தன் வீட்டிலிருந்து தொலைபேசியில் வழிநடத்தினார். அன்றன்றைய முடிவுகள், அடுத்து என்ன செய்வது, எல்லாம் போனில். 1938 வரைக்கும் இப்படியே. தான் விட்டு வந்த ஆய்வகத்துக்குள் அவர் கால் வைக்கவில்லை.

அந்த வருடங்களில் அவர் கையில் இருந்தது நொதிகள். அங்கேதான் அவருடைய பெரிய தவறும். நொதி புரதம் அல்ல, புரதம் அதைச் சுமக்கும் வெறும் தாங்கி என்று உறுதியாக நம்பினார். அவர் சுத்தம் செய்த கரைசல்களில் புரதச் சோதனை எதையும் காட்டவில்லை. நொதி அவ்வளவு நுண்ணிய அளவில் வேலை செய்கிறது, அன்றைய சோதனைகளுக்கு அது எட்டவில்லை. அதுதான் காரணம். 1926இல் அமெரிக்காவில் ஜேம்ஸ் சம்னர் வாளவரை இனத்து விதையிலிருந்து யூரியேஸ் நொதியைப் படிகமாகவே எடுத்து, இது புரதம் என்றார். வில்ஷ்டெட்டர் பக்கத்தவர்கள் ஏற்கவில்லை. அவர் பெயருக்கு இருந்த கனத்தால் சம்னரை உலகம் நம்பப் பல வருடம் பிடித்தது. சம்னருக்கு நோபல் வந்தது 1946இல்.

நிறமிகளைப் பிரிக்க மிகைல் ஸ்வெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர் கண்டுபிடித்த வண்ணப்பிரிகை முறையையும் இவர் மதிக்கவில்லை. அதில் பச்சையம் கெட்டுப்போகிறது என்றார். பிறகு 1931இல் அந்த முறைக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவர் இவருடைய மாணவரே, ரிச்சர்ட் கூன். என் ஆய்வகத்தில் அந்த முறை இல்லாமல் ஒரு நாளும் விடியாது.

தினமும் ஆய்வகத்தில் நடமாடி, இளையவர்களோடு மோதிக்கொண்டிருந்தால் நொதி விஷயத்தில் சீக்கிரம் மனம் மாறியிருப்பாரோ என்று எனக்குத் தோன்றும். தொலைபேசியில் யார் எதிர்த்துப் பேசுவார்கள்? இந்த ஒரு இடத்தில் நான் வாத்தியார் ஐயா பக்கம்.

இரவு வாசகன் எழுதியது:

இவ்வளவு உறுதியான ஆள், நாட்டைவிட்டு ஏன் முன்பே போகவில்லை?

பச்சிலை எழுதியது:

போக மனம் வரவில்லை. பாலஸ்தீனத்தில் தான் தொடங்கிய ஆய்வு நிறுவனத்தின் திறப்பு விழாவுக்கு 1934இல் வைஸ்மன் இவரை அழைத்தார். அவரும் வேதியியலாளர், பிறகு இஸ்ரேலின் முதல் குடியரசுத் தலைவர் ஆனவர். அங்கேயே தங்கிவிடுங்கள் என்று வற்புறுத்தினார். ஜெர்மனிக்குப் பைத்தியம் பிடித்திருக்கிறது என்று தெரியும், ஆனால் தாய்க்கு நோய் வந்தால் பிள்ளைகள் விட்டுவிட்டுப் போவார்களா என்று சொல்லிவிட்டு வில்ஷ்டெட்டர் மியூனிக் திரும்பினார். வைஸ்மன் இதை எழுதிவைத்திருக்கிறார்.

1938 நவம்பரில் யூதர்களின் வீடுகளும் கோயில்களும் தாக்கப்பட்ட நாட்களில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ இவர் வீட்டுக்கும் வந்தது. இவர் தோட்டத்தில் இருந்ததால் அகப்படவில்லை. பிறகு கான்ஸ்டன்ஸ் ஏரியில் படகு வலித்துச் சுவிட்சர்லாந்துக்குத் தப்பப் பார்த்துப் பிடிபட்டார். 66 வயது. கடைசியில் சூரிச் காலத்து மாணவர் ஆர்தர் ஸ்டோல் ஓடியாடி வழி செய்து, 1939 மார்ச்சில் எல்லை தாண்ட வைத்தார். சொத்தில் பெரும்பகுதி போய்விட்டது. இரண்டு பேரும் சேர்ந்து அந்தச் செந்தட்டி மாதிரிச் செடியின் இலையை ஊறவைத்துச் சுமார் முப்பது வருடம் ஆகியிருந்தது.

லொகார்னோவுக்கு அருகே முரால்டோ என்ற ஊரில் தங்கி வாழ்க்கை வரலாற்றை எழுதினார். 1942 ஆகஸ்ட் 3 அன்று மாரடைப்பில் இறந்தார். பத்து நாள் இருந்திருந்தால் எழுபது. அந்த நூலை 1949இல் வெளியிட்டதும் ஸ்டோல்தான்.

வாத்தியார் எழுதியது:

நான் எம்.எஸ்சி. வகுப்பில் வருடம் தவறாமல் சொல்லும் ஒன்றைச் சேர்க்கிறேன். 1911இல் மாதுளைப் பட்டையில் இருக்கும் ஆல்கலாய்டு என்ற வகைத் தாவர வேதிப்பொருள் ஒன்றிலிருந்து தொடங்கி, பல படிகள் தாண்டி, எட்டு கார்பன் வளையம் ஒன்றைச் செய்தார். சைக்ளோஆக்டாடெட்ரயீன். ஆறு கார்பன் வளையமான பென்சீன் மாதிரியே ஒன்று விட்டு ஒன்று இரட்டைப் பிணைப்பு, ஆனால் பென்சீன் போல அடங்கி இருக்காமல் புரோமினோடு உடனே வினை புரிந்தது. பலர் நம்பவில்லை. அது வெறும் ஸ்டைரீன் என்ற வேறு பொருள், தெரியாமல் குழப்பிக்கொண்டார் என்றார்கள். 1940களில் வால்டர் ரெப்பே அசிட்டிலீனிலிருந்து அதே பொருளைக் கிலோக் கணக்கில் செய்தார். அமெரிக்காவில் கோப், ஓவர்பெர்கர் என்ற இரண்டு வேதியியலாளர்கள் வில்ஷ்டெட்டரின் மாதுளை வழியையே படி விடாமல் திரும்பச் செய்து பார்த்தார்கள். 1911இல் அவர் எழுதியது சரி. அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

கரிசல் எழுதியது:

ஐயா, அவர் விட்டுப்போன அந்த நாற்காலிக்கு யார் வந்தது?

நிறமி எழுதியது:

ஹைன்ரிச் வீலாண்ட். வில்ஷ்டெட்டரே பரிந்துரைத்த பெயர். பித்த அமிலங்களில் வேலை செய்தவர், 1927க்கான நோபல் பெற்றவர். இன்னொன்றும் அவர் செய்தார். நாஜிச் சட்டம் பாதி யூதர்கள் என்று முத்திரை குத்தி வெளியே தள்ளிய மாணவர்களைத் தன் ஆய்வகத்தில் விருந்தினர்கள் என்று சொல்லி வைத்துக்கொண்டார். அவர்களில் ஒருவர் ஹான்ஸ் லைப்பெல்ட். நாஜிகளை எதிர்த்த வெள்ளை ரோஜா என்ற மாணவர் குழுவின் துண்டறிக்கையைப் பரப்பியதற்காகக் கைதானார். 1944இல் வழக்கு நடந்தபோது வீலாண்ட் நீதிமன்றம் வந்து அவருக்காகச் சாட்சி சொன்னார். லைப்பெல்ட்டை 1945 ஜனவரியில் தலை வெட்டிக் கொன்றார்கள். 23 வயது.

வாத்தியார் எழுதியது:

அப்படியானால் அந்த நாற்காலியில் ஒருவர் இருந்ததால்தானே அந்தப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச காலமாவது இடம் கிடைத்தது.

பச்சிலை எழுதியது:

ஆமாம் ஐயா. வீலாண்டால் இருக்க முடிந்தது. வில்ஷ்டெட்டர் 1924இல் போகாமல் இருந்திருந்தாலும் 1933இல் அந்த நாற்காலியைப் பிடுங்கியிருப்பார்கள். போகும்போது அதை யாரிடம் கொடுப்பது என்று சொல்ல 1924இல் அவருக்கு இன்னும் வாய்ப்பு இருந்தது. வீலாண்ட் பெயரைச் சொன்னார்.